கல்யாணத்துக்கு முன்னாடி பணம், நகை, நிலம் பத்தி எழுதி வைக்கலாமா? எங்க கடையில அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர்ல பத்திர ஆபீஸ் பக்கத்துல டைப்பிங் கடை வெச்சு பதினாறு வருஷம் ஆச்சு. உயில், தான செட்டில்மெண்ட், விடுதலை பத்திரம், கடன் பத்திரம்னு வக்கீல்களும் பத்திர எழுத்தர்களும் சொல்லச் சொல்ல அடிச்சு அடிச்சு கொஞ்சம் விஷயம் மண்டையில ஒட்டிக்கிச்சு. இப்பல்லாம் நிச்சயம் முடிஞ்ச பசங்க நேரா வந்து "அக்கா, ப்ரீநப் அடிச்சு தருவீங்களா"ன்னே கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் டீ ஆறுற வரைக்கும் இதையே சொல்லி தொண்டை போச்சு, அதான் எழுதி போட்டுட்டேன். நான் வக்கீல் இல்ல. உங்க வீட்டு விஷயத்துக்கு ஒரு நல்ல வக்கீலை பாத்தே ஆகணும், மண்டபத்துக்கும் போட்டோகிராபருக்கும் லட்சக்கணக்குல கொடுக்கறவங்க வக்கீல் பீஸ்ல மிச்சம் பிடிக்க வேணாம்.

ப்ரீநப்னா என்ன அக்கா?

கல்யாணத்துக்கு முன்னாடியே, யார்கிட்ட என்ன சொத்து இருக்கு, யாருக்கு எவ்ளோ கடன் இருக்கு, நாளைக்கு பிரிஞ்சா எது யாருக்குன்னு ரெண்டு பேரும் எழுதி கையெழுத்து போடறது. கல்யாணம் ஆனப்புறம் எழுதினா போஸ்ட்நப்னு சொல்றாங்க. அவ்ளோதான்.

நம்ம ஊர்ல அது செல்லுமா?

வெளிநாட்டுல மாதிரி செல்லாது. இந்து திருமண சட்டம் 1955-ல இப்படி ஒரு ஒப்பந்தத்துக்கு இடமே இல்ல. 1872-ம் வருஷத்து ஒப்பந்த சட்டத்துல 23-வது பிரிவு, பொது நலனுக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாதுன்னு சொல்லுது, கல்யாணத்துக்கு முன்னாடியே பிரியறதுக்கு ரேட் பேசி வைக்கறத கோர்ட்டுங்க அந்த கணக்குலதான் பாத்திருக்காங்க. 1901-ல கல்கத்தா ஹைகோர்ட்ல ஒரு கேஸ், மாப்பிள்ளை கடைசி வரைக்கும் பொண்ணு வீட்டுலயே இருக்கணும்னு கல்யாணத்துக்கு முன்னாடி எழுதி வாங்கியிருக்காங்க, வீட்டோட மாப்பிள்ளை ஒப்பந்தம்னு வெச்சுக்கோங்க. அது செல்லாதுன்னுட்டாங்க. நூத்தி இருபது வருஷம் தாண்டியும் வக்கீலுங்க அந்த கேஸை எடுத்து பேசறாங்க.

கோவா மட்டும் வேற கதை. அங்க 1867-ம் வருஷத்து போர்ச்சுகீசிய சிவில் சட்டம் இன்னும் ஓடுது, தனியா எழுதி வைக்கலைன்னா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் எல்லாத்துலயும் பாதி பாதி, வேற மாதிரி வேணும்னா கல்யாணத்துக்கு முன்னாடி எழுதிக்கலாம். நம்ம பக்கம் அப்படி பாதி பாதின்னு ஒண்ணும் கிடையாது, பேப்பர்ல யார் பேர் இருக்கோ அவங்க சொத்து. இது நிறைய பேருக்கு தெரியாது, கல்யாணம் ஆயிட்டா தானா பாதி வந்துடும்னு நினைச்சுட்டு இருக்காங்க.

கிறிஸ்தவங்களுக்கு 1869-ம் வருஷத்து விவாகரத்து சட்டத்துல 40-வது பிரிவு இருக்கு, கல்யாணத்துக்கு முன்னயோ பின்னயோ எழுதின செட்டில்மெண்ட் இருந்தா கோர்ட் அதை விசாரிச்சு உத்தரவு போடலாம். முஸ்லிம்களுக்கு நிக்காஹ்வே ஒப்பந்தம்தான், மஹர், அதாவது மாப்பிள்ளை பொண்ணுக்கு கொடுக்க வேண்டிய தொகை, எவ்ளோன்னு அதுலயே எழுதறாங்க. நம்ம மலையில தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர் மாதிரி பட்டியல் பழங்குடி மக்களுக்கு இந்து திருமண சட்டமே நேரா பொருந்தாது, அவங்க வழக்கம்தான் சட்டம்.

செல்லாதுன்னா அப்புறம் எதுக்கு எழுதணும்?

போன வருஷம் ஆடி மழையில கேத்தி பக்கத்துல இருந்து ஒரு ஜோடி வந்தாங்க. பையன் குடையை மடக்காமயே உள்ள வந்து என் பிரிண்டர் மேல தண்ணி ஊத்திட்டான், அது வேற. போன்ல பதினோரு கண்டிஷன் எழுதி வெச்சிருந்தாங்க. ஏழாவது, மாசம் ஒரு தடவ அம்மா வீட்டுக்கு போகணும். ஒன்பதாவது, பிரிஞ்சா ஜீவனாம்சம் கேக்கக் கூடாது. பதினொண்ணாவது, காலையில டீ யார் போடறதுன்னு. நான் சிரிக்கல, நிஜமா சொல்றேன், டீ விஷயத்துல அந்த பொண்ணு ரொம்ப சீரியஸா இருந்துச்சு.

அந்த பதினொண்ணுல மூணு மட்டும் உருப்படியானது. பொண்ணு பேர்ல ஏற்கனவே இருக்கற வைப்பு நிதி அவளோடதாவே இருக்கட்டும், பையனோட எஜுகேஷன் லோனை அவனே கட்டணும், ரெண்டு பேரும் சேர்ந்து வீடு வாங்கினா போட்ட காசு விகிதத்துக்கு பங்கு. இதை ஒரே பெரிய பேப்பர்ல "ப்ரீநப்"னு தலைப்பு போட்டு அடிச்சா கோர்ட்ல நிக்கறது சந்தேகம். அதையே தனித்தனியா பண்ணா ஒவ்வொண்ணும் நிக்கும். பத்திரத்துலயே ஆளுக்கு எவ்ளோ பங்குன்னு எழுதலாம், பணம் பேங்க் வழியா போன ரெக்கார்டு இருக்கும், லோன் யார் கணக்குல இருந்து கட்டுச்சுன்னு ஸ்டேட்மெண்ட் பேசும். அந்த ஒரு பெரிய பேப்பருக்கும் கொஞ்சம் வேலை இருக்கு, ரெண்டு பேரும் அன்னைக்கு என்ன நினைச்சாங்கன்னு காட்டற சாட்சி மாதிரி ஆகும், ஆனா கோர்ட் அதுக்கு கட்டுப்படாது.

அந்த ஜோடி கடைசியில எதையும் அடிக்காம போயிட்டாங்க. நாலு மாசம் கழிச்சு பத்திரிக்கை கொடுக்க வந்தாங்க.

ஜீவனாம்சம் வேணாம்னு முன்னாடியே எழுதி வாங்கிட்டா சேஃப்தானே?

இல்லைங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அதிகமா கேக்கறது இதைத்தான். சாப்பாட்டுக்கு வழியில்லாத பொண்டாட்டி ஜீவனாம்சம் கேக்கறது சட்டம் கொடுத்த உரிமை, முன்னாடி குற்றவியல் நடைமுறை சட்டம் 125, 2024 ஜூலை 1-ல இருந்து புது சட்டத்துல 144. அதை ஒரு பேப்பர்ல விட்டுக்கொடுத்தேன்னு எழுதினாலும் கோர்ட் கண்டுக்காது. இன்னொண்ணு தெரியுமா, இந்து திருமண சட்டத்துல 24, 25 பிரிவுல வருமானம் இல்லாத புருஷனும் பொண்டாட்டிகிட்ட கேக்கலாம்.

கேஸ்னு வந்துட்டா ரெண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாத்தையும் அஃபிடவிட்ல போடணும்னு 2020-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. சம்பளத்தை மறைக்கறவங்களுக்கு முன்ன மாதிரி சுலபம் இல்ல. பிரியறதுன்னு முடிவானப்புறம் ரெண்டு பேரும் சம்மதிச்சு மியூச்சுவல் டைவர்ஸ்ல இவ்ளோ தொகைன்னு பேசி கோர்ட்ல பதிவு பண்றது வேற, அது செல்லும்.

நகை விஷயத்துல என்ன பண்ணணும்?

இதுக்குத்தான் நிறைய எழுதணும்னு நினைச்சேன், ஏன்னா நம்ம வீடுகள்ல நிலத்தை விட நகையிலதான் சண்டை வருது.

பொண்ணுக்கு கல்யாணத்துக்கு முன்னயும் கல்யாணத்துலயும் அப்புறமும் அன்பளிப்பா வந்தது சீதனம், அது முழுக்க அவளோடது. புருஷன் கையிலயோ மாமியார் பீரோவுலயோ இருந்தாலும் அவங்க சும்மா பாத்துக்கறவங்கதான், சொந்தக்காரங்க ஆகிட மாட்டாங்கன்னு 1985-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. 2024 ஏப்ரல்ல ஒரு கேரளா கேஸ், 89 பவுன், முதல் ராத்திரியே "பத்திரமா இருக்கட்டும்"னு வாங்கி மாமியார்கிட்ட கொடுத்து, பழைய கடனுக்கு போயிடுச்சுன்னு அந்த பொண்ணு சொல்லிச்சு. 25 லட்சம் கொடுக்க சொல்லி தீர்ப்பு வந்துச்சு, ஆனா கல்யாணம் ஆகி இருபது வருஷம் கழிச்சு.

இருபது வருஷம் அலையாம இருக்க ஒரு லிஸ்ட் போதும். இது நான் கண்டுபிடிச்சது இல்ல, வரதட்சணை தடுப்பு சட்டத்துக்கு கீழ 1985-ல வந்த விதியே சொல்லுது: கல்யாணத்தப்ப வந்த பொருளை எழுதணும், சின்ன விவரம், சுமாரா மதிப்பு, கொடுத்தவங்க பேரு, அவங்க என்ன உறவு, கீழ பொண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்து. எத்தனை கல்யாணத்துல இது நடக்குது? மொய் நோட்டுல பதினோரு ரூபா வரைக்கும் சரியா எழுதறோம், அம்பது பவுனை எழுத மாட்டோம்.

கட்டபெட்டுல இருந்து ஒரு அம்மா கொண்டு வந்து காட்டுனாங்க, பொண்ணு கல்யாண பத்திரிக்கை பின்பக்கம் பென்சில்ல: ஆரம் 5, நெக்லஸ் 3, வளையல் ஜோடி 4, ஜிமிக்கி 1, "பெரியம்மா போட்டது நெளி அரை". பவுன்னு கூட எழுதல, வெறும் நம்பர். பில்லு எங்கம்மான்னா அரிசி டப்பாவுல இருந்துச்சு எலி கடிச்சிருச்சுன்னாங்க. அந்த "நெளி அரை"ங்கற ஒரு வார்த்தையை வெச்சு பெரியம்மாவை கூட்டிட்டு வந்து, அவங்க போன்ல இருந்த கல்யாண போட்டோவை எடுத்து, கடைக்காரர்கிட்ட பழைய பில்லு நகல் கேட்டு, லிஸ்டை முழுசா திருப்பி எழுதறதுக்கு ரெண்டு வாரம் ஓடிப்போச்சு.

அதனால பில்லை போட்டோ எடுத்து ரெண்டு பேர் போன்லயும் வைங்க. நகை போட்டு எடுத்த போட்டோவை டெலீட் பண்ணாதீங்க. லாக்கர் எடுத்தா பொண்ணு பேர்ல, இல்ல ரெண்டு பேர் பேர்லயும் எடுங்க. அடகு வைக்கறதா இருந்தா அடகு சீட்டு பொண்ணு பேர்ல இருக்கணும், பணம் அவ அக்கவுண்டுக்கு வந்து அங்க இருந்து புருஷன் அக்கவுண்டுக்கு போகட்டும். ரொக்கமா வாங்கி ரொக்கமா கொடுத்துட்டு அப்புறம் என்கிட்ட வந்து "அக்கா என் நகையை வெச்சுத்தான் அவர் ஜீப் எடுத்தார்"னா நான் நம்புவேன், கோர்ட் பேப்பர் கேக்கும்.

வருமான வரி ரெய்டு பயம் இருக்கறவங்களுக்கு: கல்யாணம் ஆன பொம்பளைக்கு 500 கிராம், ஆகாதவங்களுக்கு 250, ஆம்பளைக்கு 100 கிராம் வரைக்கும் எடுத்துட்டு போக வேணாம்னு 1994-லயே உத்தரவு இருக்கு. 500 கிராம்னா அறுபத்திரெண்டரை பவுன், நம்மள்ல முக்கால்வாசி பேரு அதுக்குள்ளதான்.

"இவ்ளோ பவுன், இவ்ளோ ரொக்கம் தரோம்"னு ரெண்டு வீடும் எழுதிக்கிட்டா?

அது வரதட்சணை ஒப்பந்தம். 1961-ம் வருஷத்து சட்டம் 5-வது பிரிவுப்படி செல்லவே செல்லாது, கேக்கறதும் வாங்கறதும் கொடுக்கறதும் குற்றம். நான் அடிக்க மாட்டேன், பக்கத்து கடைக்காரரும் அடிக்க மாட்டார், கேக்காதீங்க.

மாமனார் நிலத்துல எங்க காசு போட்டு வீடு கட்டறோம். பிரச்சனை வருமா?

வரும். மலையில ரெண்டு சென்ட் சமமான இடம் கிடைக்கறதே பெரிய விஷயம், பிளான் அப்ரூவல் வாங்கறது அதை விட பாடு, அதனால பட்டா மாமனார் பேர்லயே இருக்கட்டும்னு விட்டுட்டு மருமக பி.எஃப் பணத்தையும் அவங்க அப்பா கொடுத்த பணத்தையும் போட்டு மேல மாடி எடுத்துடறாங்க, அப்புறம் மச்சினன் துபாய்ல இருந்து வந்து எனக்கும் பாதின்னு நிக்கறான். நிலம் யார் பேர்லயோ வீடும் அவங்களோடதுன்னுதான் முதல்ல பாப்பாங்க, நீங்க காசு போட்டத நீங்கதான் நிரூபிக்கணும்.

கடக்கால் தோண்டறதுக்கு முன்னாடி ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க. அந்த இடத்தை மட்டும் மாமனார் தான செட்டில்மெண்ட்டா எழுதி கொடுத்து பதியணும், பெத்த பிள்ளை பேர்லன்னா முத்திரைக் கட்டணம் 1 சதவீதம்தான், அதுக்கும் ஒரு மேல்வரம்பு உண்டு. அவருக்கு மனசில்லைன்னா நீங்க கொடுக்கற பணத்தை கடனா எழுதி, பேங்க் வழியா கொடுங்க. கடன் பத்திரத்துக்கு ஆயுசு மூணு வருஷம், அதுக்குள்ள திரும்ப கையெழுத்து வாங்கி புதுப்பிக்கலைன்னா வெறும் பேப்பர் ஆயிடும். மாமனார்கிட்ட மூணு வருஷத்துக்கு ஒருக்கா போய் கையெழுத்து கேக்கறது கஷ்டம்தான், தெரியும். பொங்கலுக்கு வேட்டி எடுத்து கொடுக்கும்போது கேட்டுடுங்க.

அந்த வீட்டுல தங்கற உரிமை மருமகளுக்கு தனியா இருக்கு. குடும்ப வன்முறை தடுப்பு சட்டம் 2005, வீடு மாமனார் பேர்ல இருந்தாலும் அது சேர்ந்து வாழ்ந்த வீடா இருந்தா வெளிய தள்ள முடியாதுன்னு 2020-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. ஆனா தங்கறது வேற, சொந்தம் வேற.

கட்டிக்கப் போற பொண்ணு பேர்ல இப்பவே இடத்தை எழுதலாமா?

கல்யாணம் முடிஞ்சு எழுதுங்க. இப்ப எழுதினா சட்டப்படி அவங்க உங்க குடும்பமே இல்ல, வெளியாளுக்கு கொடுத்த தானம்னு முத்திரை 7 சதவீதம் கட்டணும், மூணு முடிச்சு விழுந்தப்புறம் அதே பத்திரம் 1 சதவீதம். ஒரு தடவ செட்டில்மெண்ட் எழுதி கொடுத்துட்டா கோவம் வந்ததும் போய் ரத்து பண்ண முடியாது, அதையும் யோசிச்சுக்கோங்க.

தேயிலை தோட்டம் பொண்டாட்டி பேர்ல, இலைப் பணம் புருஷன் பேர்ல வருது. மாத்தணுமா?

மாத்துங்க, இன்னைக்கே. அரவேணு பக்கத்துல ஒரு அக்கா, அவங்க அப்பா கொடுத்த ஒண்ணே முக்கா ஏக்கர். கொழுந்து எடுக்க ஆள் விடறது, உரம் போடறது, கவாத்து வெட்டறது எல்லாம் அவங்க. ஃபேக்டரியில கணக்கு மட்டும் புருஷன் பேர்ல, ஏன்னா வண்டியில ஏத்தி விட போனது அவர். ஒன்பது வருஷம். பிரச்சனைன்னு வந்தப்ப அந்த நிலத்துல இருந்து தனக்கு வருமானம் வந்துச்சுன்னு காட்ட அவங்க கையில ஒரு துண்டு சீட்டு இல்ல, அவர் பாஸ்புக்ல மாசா மாசம் வரவு. ஃபேக்டரியில போய் பட்டா நகலும் பேங்க் பாஸ்புக்கும் கொடுத்து கணக்கை பேர் மாத்த அரை நாள்தான் ஆச்சு, அந்த அரை நாளுக்கு ஒன்பது வருஷம் யாருக்கும் நேரம் இல்ல.

கூடலூர், பந்தலூர் பக்கம் நிலம் இருக்கு, அதை ஒப்பந்தத்துல சேக்கலாமா?

முதல்ல அது எந்த நிலம்னு பாருங்க. 1969 ஜென்மம் ஒழிப்பு சட்டத்துல, அதாவது ஜமீன் மாதிரி ஜென்மிங்க கையில இருந்த நிலத்தை அரசு எடுத்துக்கிட்ட சட்டத்துல, செக்‌ஷன் 17-ல மாட்டின நிலமா இருந்தா, ரெண்டு மூணு தலைமுறையா அனுபவத்துல இருந்தும் பட்டா இல்லாதவங்க நிறைய பேர் இருக்காங்க. உங்க பேர்ல உரிமையே இல்லாததை பொண்டாட்டிக்கு எழுதி கொடுக்க முடியாது. பொண்ணு பாக்க போகும்போது "அஞ்சு ஏக்கர் காப்பித் தோட்டம்"னு சொல்லிட்டு வர்றவங்க அதையும் சேத்து சொல்லிடுங்க, சபையில.

கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணன் விடுதலை பத்திரத்துல கையெழுத்து கேக்கறார். போடலாமா?

நம்ம ஊர் ப்ரீநப் நிஜமா இதுதான்னு நான் சொல்லுவேன். புருஷன் பொண்டாட்டி நடுவுல யாரும் எழுதறது இல்ல, ஆனா கல்யாணத்துக்கு பத்து நாள் முன்னாடி தங்கச்சியை ஆட்டோவுல கூட்டிட்டு வந்து "சீர் செஞ்சாச்சு, பூர்வீகத்துல எனக்கு பங்கு வேணாம்"னு எழுதி வாங்கறது மட்டும் வருஷா வருஷம் நடக்குது. கையில மெகந்தி காயாம கைரேகை வெச்ச பொண்ணுங்களை பாத்திருக்கேன்.

பூர்வீக சொத்துல பொண்ணுக்கு சம பங்குன்னு தமிழ்நாட்டுல 1989-லயே சட்டம் வந்துடுச்சு, நாடு முழுக்க 2005-ல வந்துச்சு, அப்பா உயிரோட இருந்தாரா இல்லையாங்கற குழப்பத்தையும் 2020-ல சுப்ரீம் கோர்ட் தீர்த்துடுச்சு. சீர் செஞ்சதால பங்கு போயிடாது. ஆனா நீங்களா கையெழுத்து போட்டு பதிஞ்சுட்டா போயிடும், மிரட்டி வாங்கினாங்கன்னு நிரூபிக்கறது அப்புறம் உங்க பாடு.

விட்டுக்கொடுக்கணும்னு மனசார தோணினா தாராளமா கொடுங்க, அண்ணன் கஷ்டப்பட்டு வளத்திருப்பார், அது உங்க விஷயம். மண்டபம் புக் ஆகி பத்திரிக்கை அடிச்சதுக்கு அப்புறம் மட்டும் போடாதீங்க, கல்யாணம் முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சு வந்து போடறேன்னு சொல்லுங்க. நிஜமான அண்ணன் காத்திருப்பார்.

மாப்பிள்ளை ஆஸ்திரேலியாவுல. அங்க இருந்து ஒரு அக்ரிமெண்ட் மெயில்ல வந்திருக்கு, போடலைன்னா கல்யாணம் இல்லைங்கறாங்க.

அங்க அது செல்லும், அதனாலதான் கவனமா இருக்கணும். 1975-ம் வருஷத்து அவங்க குடும்ப சட்டத்துல நிதி ஒப்பந்தம்னே தனி பகுதி இருக்கு, ரெண்டு பேரும் தனித்தனி வக்கீல் வெச்சு ஆலோசனை கேட்டிருந்தாதான் அது கட்டுப்படுத்தும். மாப்பிள்ளையோட வக்கீலே உங்களுக்கும் சொல்லி கொடுத்தா அது கணக்குல வராது.

2017 நவம்பர்ல அங்க ஹைகோர்ட், அவங்களுக்கு அதுதான் உச்ச கோர்ட், ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு. மாப்பிள்ளை அறுபத்தேழு வயசு கோடீஸ்வரர், பொண்ணு வெளிநாட்டுல இருந்து அவரை நம்பி வந்த முப்பத்தாறு வயசுக்காரங்க. அப்பா அம்மா தங்கச்சியை இலங்கையில இருந்து கூட்டிட்டு வந்தாச்சு, கல்யாண டிரஸ் தைச்சாச்சு, அப்புறம்தான் பேப்பரை நீட்டறார், போடலைன்னா கல்யாணம் கிடையாதுன்னு. அந்தம்மாவோட வக்கீலே போடாதீங்கன்னு சொல்லியும், வேற வழியில்லாம நாலு நாள் முன்னாடி போட்டாங்க. கல்யாணம் முடிஞ்சதும் கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொண்ணுலயும் போட்டாங்க. ரெண்டையும் கோர்ட் தூக்கி எறிஞ்சுடுச்சு. படிக்கும்போது எனக்கு நம்ம ஆட்டோவுல வர்ற தங்கச்சிங்க ஞாபகம்தான் வந்துச்சு.

இங்கிலாந்துல 2010-க்கு அப்புறம், ரெண்டு பேரும் புரிஞ்சு மனசார போட்டிருந்தா, அநியாயமா இல்லாத வரைக்கும் கோர்ட் அதுக்கு மதிப்பு கொடுக்கும். எந்த நாடா இருந்தாலும் அந்த நாட்டு வக்கீல்கிட்ட ஒரு மணி நேரம் வீடியோ கால்ல பேசாம கையெழுத்து வேணாம்.

வேலைக்கு போகல, வீட்டுலதான் இருக்கேன். அவர் வாங்கின சொத்துல எனக்கு ஒண்ணும் இல்லையா?

2023 ஜூன்ல சென்னை ஹைகோர்ட் ஒரு நல்ல தீர்ப்பு கொடுத்துச்சு. புருஷன் சவுதியில சம்பாதிச்சார், பொண்டாட்டி இங்க குடும்பத்தை பாத்துக்கிட்டாங்க, அவங்க வீட்டு வேலையும் அந்த சொத்து வாங்க பங்களிப்புதான், சம பங்கு உண்டுன்னாங்க. சந்தோஷம். ஆனா அதுக்கு எத்தனை கோர்ட் ஏறணும்னு பாருங்க, வாங்கும்போதே பத்திரத்துல ரெண்டு பேரும் போட்டா ஒரு பேர் கூடுதலா டைப் அடிக்கணும், அவ்ளோதான். தமிழ்நாட்டுல 2025 ஏப்ரல்ல இருந்து பத்து லட்சத்துக்குள்ள உள்ள சொத்தை பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைவு, வீட்டுக்காரரை அதை சொல்லி மடக்கிப் பாருங்க.

அவர் கடனுக்கு நான் பொறுப்பா?

நீங்க கையெழுத்து போடாத கடனுக்கு இல்ல. போட்டிருந்தா முழுசா பொறுப்பு. "சும்மா ஜாமீன் கையெழுத்துதான் போடுமா"ன்னு சொல்லுவாங்க, சும்மான்னு ஒரு கையெழுத்து கிடையாது, ஜாமீன் போட்டவங்ககிட்ட பேங்க் நேராவே வரலாம், கடன் வாங்கினவரை முதல்ல தேடணும்னு கட்டாயம் இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் சிபில் ரிப்போர்ட்டை காட்டிக்கோங்க. ஜாதகத்துல இல்லாத தோஷமெல்லாம் அதுல இருக்கும்.

வியாபாரம் பண்றவர், கடன் வாங்கற தொழில்னா, 1874-ம் வருஷத்து ஒரு பழைய சட்டம் இருக்கு, திருமணமான பெண்கள் சொத்து சட்டம். அதுக்கு கீழ இன்சூரன்ஸ் எடுத்தா அந்த பணம் பொண்டாட்டி பிள்ளைக்குத்தான், கடன்காரன் கை வைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே கேட்டு எழுதி வாங்கணும், அப்புறம் சேக்க முடியாது.

ஜாயின்ட் அக்கவுண்ட், நாமினி போட்டாச்சு. போதாதா?

நாமினி பணத்தை வாங்கற ஆள், சொந்தக்காரர் ஆகணும்னு இல்ல. பேங்க் டெபாசிட்ல நாமினி வாங்கி வாரிசுகளுக்கு பிரிச்சு கொடுக்கணும், ஷேர்லயும் அப்படித்தான்னு 2023-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. இன்சூரன்ஸ்ல மட்டும் 2015-ல சட்டம் மாறி, அப்பா அம்மா, புருஷன் பொண்டாட்டி, பிள்ளைங்க நாமினியா இருந்தா பணம் அவங்களுக்கே. அதனால பேச்சிலரா இருக்கும்போது அம்மா பேர் போட்ட பாலிசி அப்படியே இருந்தா பொண்டாட்டிக்கு வராது. பி.எஃப்-ல நேர் எதிர், கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட நாமினேஷன் கல்யாணம் ஆனதும் செல்லாம போயிடும், புதுசா போடணும்.

உயில் எழுதுங்க. ஸ்டாம்ப் பேப்பர் கூட வேணாம், வெள்ளை பேப்பர், ரெண்டு சாட்சி, பதியறது உங்க இஷ்டம். முக்கியமா சம்பாதிக்கற பொம்பளைங்க எழுதுங்க. ஒரு இந்து பொண்ணு சொந்த சம்பளத்துல வாங்கின வீடு, உயில் இல்லாம, புருஷனும் பிள்ளையும் இல்லாம போய் சேந்தா, அது அவங்க அப்பா அம்மாவுக்கு வர்றதுக்கு முன்னாடி புருஷனோட வாரிசுகளுக்கு போகும். அதாவது பெத்தவங்க இருக்க, கொழுந்தனுக்கு. இதை சொன்னா கடையில யாரும் நம்ப மாட்டேங்கறாங்க, சட்டப் புத்தகத்தை எடுத்து காட்டுவேன். கிறிஸ்தவங்க ஒண்ணு கவனிங்க, கல்யாணத்துக்கு முன்னாடி எழுதின உயில் கல்யாணத்தோட ரத்து ஆயிடும், மறுபடி எழுதணும். இந்துக்களுக்கு அப்படி ரத்து ஆகாது, அதனால பழைய உயில்ல யார் பேர் இருக்குன்னு எடுத்து பாருங்க.

ரெண்டாம் கல்யாணம், ரெண்டு பக்கமும் பிள்ளைங்க இருக்கு.

உங்களுக்கு மத்தவங்களை விட அவசரம். முதல் கல்யாணத்து பிள்ளைக்கு எதுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே செட்டில்மெண்ட் பண்ணி பதிஞ்சுடுங்க, மீதிக்கு உயில். புதுசா வர்றவங்ககிட்ட மறைக்காம சொல்லிட்டு பண்ணுங்க.

இதெல்லாம் பேசினா அபசகுனம்னு வீட்டுல திட்டறாங்க. எப்படி ஆரம்பிக்கறது?

நிச்சயதார்த்தத்துல தட்டு மாத்தும்போது எத்தனை பேர் வருவீங்க, சாப்பாட்டு செலவு யாருது, முகூர்த்த புடவை எவ்ளோன்னு எல்லாத்தையும் சபையில பேசறோம், அது சகுனம். ஹோம் லோன் பத்தி பேசினா அபசகுனமா? பெரியவங்களை இதுல இழுக்காதீங்க. ரெண்டு பேரும் மட்டும் சிம்ஸ் பார்க்ல போய் உக்காந்து, ஆளுக்கு ஒரு பேப்பர்ல சம்பளம், கடன், வீட்டுக்கு மாசம் அனுப்பறது, இந்த மூணை மட்டும் எழுதி மாத்திக்கோங்க. அம்மா அப்பாவுக்கு அனுப்பற பணம்தான் முதல் வருஷ சண்டையில பாதி. அதை ஒளிச்சு அனுப்பினாதான் சண்டை, சொல்லிட்டு அனுப்பினா பெரும்பாலும் இல்ல.

நீங்க உங்க கல்யாணத்துக்கு எழுதினீங்களா அக்கா?

இல்ல. எங்க வீட்டுக்காரர் அப்ப மேட்டுப்பாளையத்துக்கு காய்கறி லோடு அடிச்சுட்டு இருந்தார், எனக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் டைப்ரைட்டர், ஒன்பது பவுன், எழுத என்ன இருந்துச்சு. ஆனா ரெண்டாவது வருஷம் என் வளையலை அடகு வெச்சு வண்டிக்கு டயர் போட்டோம், அன்னைக்கு ராத்திரி அவரே ஒரு நீள நோட்டு வாங்கிட்டு வந்து முதல் பக்கத்துல எழுதினார்: "வளையல் 2, அடகு, டயர் செலவு, நான் தரணும்." கீழ கையெழுத்து, தேதி. வளையலை திருப்பின அன்னைக்கு அதை அடிக்கல, பக்கத்துல டிக் போட்டார். அந்த நோட்டு தீந்து இப்ப மூணாவது நோட்டு பீரோவுல இருக்கு. கடைசியா எழுதினது போன ஞாயிறு, கீசர் ரிப்பேர் 1,850. யார் கொடுத்ததுன்னு இன்னும் போடல, ரெண்டு பேருமே நான்தான்னு சொல்லிட்டு இருக்கோம்.